22-ஆம் நம்பர்

போன மாதம் அப்பாவுக்குக் கடவாய்ப் பல் வீங்கிப்போச்சு. ஒரு வாரம் பனடோலும் கிராம்பும் வச்சு ஓட்டினார். தனியார் கிளினிக்கில் பிடுங்க 180 ரிங்கிட் கேட்டார்கள். அரசாங்கப் பல் கிளினிக்கில் பதிவுக்கு ஒரு வெள்ளிதான். ஆனால் காலை ஏழு மணிக்கே போய் நம்பர் எடுக்கணும். அப்பா லாரி ஓட்டுகிறவர், ட்ரிப் கணக்கில் சம்பளம். பாதி நாள் போனால் பாதி நாள் காசு போச்சு.

அம்மா, உள்ளே வேலை செய்யும் தெரிந்த அக்கா ஒருவருக்குப் போன் போட்டார். நாங்கள் ஒன்பது மணிக்குத்தான் போனோம். 14-ஆம் நம்பர் எங்களுக்காகக் காத்திருந்தது.

பல்லைப் பிடுங்கிவிட்டு மருந்துக்காக உட்கார்ந்திருந்தபோது, தொழிற்சாலை யூனிபார்மில் ஓர் அக்கா, "தம்பி, இப்ப எத்தனாவது நம்பர் ஓடுது?" என்று கேட்டார். மடியில் சின்னப் பையன், கன்னத்தில் கை வைத்தபடி. அவர் கையில் 22. ஏழு மணிக்கே வந்துவிட்டாராம். பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்டாம். பதினொன்றுக்கு 21-ஐ அழைத்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் 22 என்று அழைத்தார்கள். யாரும் எழவில்லை.

வீட்டில் சொன்னேன். "நம்மளும் ஏழைதானடா, யார் கிட்ட திருடினோம்?" என்றார் அப்பா. அந்தக் கேள்விக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் யாருடைய பணத்தையும் நாங்கள் எடுக்கவில்லை.

ஆனால் நான் படிக்கிற கியூயிங் தியரியில் ஒரு விஷயம் வரும். எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நேரம் ஆகுமென்றால், யாரை முன்னால் விட்டாலும் மொத்தக் காத்திருப்பு குறையாது. ஒருத்தர் தலையிலிருந்து இறங்கி இன்னொருத்தர் தலையில் ஏறும், அவ்வளவுதான். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அந்த கிளினிக்கில் வெள்ளி சும்மா பேருக்கு. உண்மையான கட்டணம் நேரம். எங்கள் பங்கை அந்த அக்கா கட்டிவிட்டுப் போனார். அவரும் பணக்காரர் இல்லை. பணக்காரர் யாரும் அந்த வரிசைக்கே வருவதில்லையே!

வலி அதிகமானவரை முன்னால் விடுவது வேறு. அதைக் கவுண்டரில் எல்லார் முன்னிலையிலும் முடிவு செய்கிறார்கள், யாரும் முணுமுணுப்பதில்லை. எங்களுடையது போனில் முடிந்த காரியம்.

இதில் இன்னொன்றும் உறுத்துகிறது. தைப்பூசத்தில் அன்னதான வரிசையைப் பார்த்துக்கொள்வது நம்ம பையன்கள்தான். "யாரா இருந்தாலும் பின்னாடி போய் நில்லுங்க" என்று தலைவரின் மாமாவையே திருப்பி அனுப்பியவன் நான். சோற்றுக்கு ஒரு நியாயம், பல்லுக்கு ஒரு நியாயமா?

போன வாரம் அப்பாவுக்கு அடுத்த பல்லும் குடைய ஆரம்பித்தது. அம்மா போனை எடுத்தார். வேண்டாம் என்றேன். "அப்போ நீயே போய் நில்லு" என்றார் அப்பா, கொஞ்சம் கோபமாகத்தான். அவர் ஐசியை வாங்கிக்கொண்டு மறுநாள் ஆறேகாலுக்குப் போனேன். இருட்டு இன்னும் விலகவில்லை. எனக்கு முன்னால் பதினொரு பேர் நின்றார்கள்.