தண்ணி பட்டுச்சா சார்?

என் லேப்டாப்பில் ‘க’ மட்டும் இரண்டிரண்டாக விழ ஆரம்பித்தது. நான் தமிழ்99-இல் அடிப்பவன். அதில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழுந்துவிடும். விசை ஒழுங்காக இருக்கும்வரை வசதியான ஏற்பாடுதான். இப்போது ‘மகள்’ என்று அடித்தால் ‘மக்கள்’ வந்தது. மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம். நான் திருத்திக் கொடுத்த ஒரு சிறுகதையில், ஒரு தகப்பன் மக்களைக் கட்டிக்கொண்டு அழுதபடியே அச்சுக்குப் போய்விட்டார்.

ரிச்சி தெருவில், மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். விசையை நெம்பிப் பார்த்தார், காற்றடித்துப் பார்த்தார், பிறகு கவிழ்த்துப் போட்டு மாடல் நம்பரைப் படித்தார்.

“தம்பி, இந்த மாடலுக்கே கீபோர்டு கோளாறு. கம்பெனியே ஃப்ரீயா மாத்தித் தர்றான். வாரண்டி முடிஞ்சாலும் பரவால்ல. அவன் சைட்டுல சீரியல் நம்பர் போட்டுப் பாரு.”

நாலாயிரம் வாங்கிக்கொண்டு அவரே வேறு கீபோர்டு மாட்டிக் கொடுத்திருக்கலாம். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். உண்மைதான். குறிப்பிட்ட தேதிகளுக்குள் விற்ற கணினிகளில் “சிறு விழுக்காட்டில்” இந்தக் கோளாறு வரக்கூடும், வாங்கி நான்கு வருடம் வரை இலவசமாக மாற்றித் தருவோம் என்றிருந்தது. என்னுடையதுக்கு மூன்று வயது. ஏற்கெனவே காசு கொடுத்துச் சரிசெய்தவர்கள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களாம். கேட்டால். தீபாவளிக்குத் தீபாவளி தள்ளுபடிச் செய்தி அனுப்ப என் நம்பர் அவர்களிடம் இருந்தது. இதைச் சொல்ல மட்டும் இல்லாமல் போய்விட்டது.

கம்பெனிகள் உண்மையே சொல்வதில்லை என்று சொல்லமாட்டேன். யாரிடம் சொல்கின்றன என்பதுதான் விஷயம். 2008 ஜூலையில் என்விடியா, லேப்டாப்களுக்காகச் செய்த தன் பழைய சில்லுகள் சில பழுதாகின்றன, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குகிறோம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு எழுதப்பட்டது முதலீட்டாளர்களுக்கு. திரை இருண்டுபோன லேப்டாப்பை மடியில் வைத்திருந்தவருக்கு அல்ல.

என் கம்பெனியின் அறிவிப்பில் கடைசியாக ஒரு வரி இருந்தது. திரவம் பட்ட கணினிகளுக்கு இது பொருந்தாது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, அரை டம்ளர் டீயை அதே கீபோர்டில் கொட்டியிருக்கிறேன். துடைத்து, கவிழ்த்து, ஒரு நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் வைத்தேன். அதன்பிறகு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

சர்வீஸ் சென்டரில் படிவம் நிரப்பிய பெண் தலை நிமிராமல் கேட்டார். “தண்ணி, காபி ஏதாச்சும் பட்டுச்சா சார்?”

“இல்ல மேடம்.”

டீயைப் பற்றி அவர் கேட்கவில்லையே என்று உள்ளே ஒருவன் கணக்குப் போட்டான். அவனை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது. அவர் ‘இல்லை’ கட்டத்தில் டிக் அடித்தார், நான் கையெழுத்துப் போட்டேன், பக்கத்தில் அவரும் போட்டார். பத்து நாளில் புதுக் கீபோர்டோடு வந்தது. பில்லில் சைபர்.

அந்தப் பத்து நாளும் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். கான்ட்டிடம் போனால் ஜாமீனே கிடையாது. கொலைகாரன் வந்து கேட்டாலும் பொய் சொல்லாதே என்று 1797-இல் எழுதிவைத்த ஆள் அவர். வள்ளுவர் கொஞ்சம் இறங்கி வருவார், குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்யும் வாய்மை என்பார். நம்மில் பலரும் அந்தக் குறளோடு நின்றுவிடுகிறோம். அடுத்த குறளில் சொன்னவனின் நெஞ்சே அவனைச் சுடும் என்று வருகிறது. எனக்கு உண்மையில் உதவும்போல் இருந்தவர் சிசெலா போக். 1978-இல் வந்த ‘லையிங்’ என்ற நூலில், பொய்யர்களிடம் பொய் சொல்லலாமா என்பதற்கே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அவரும் கைவிட்டுவிட்டார். பொய்யன் புகார் சொல்லும் தகுதியை இழந்திருக்கலாம், அதனால் மட்டும் உன் பொய் நியாயமாகிவிடாது என்கிறார்.

சரி, மறைத்தவனிடம் மறைத்தேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கவுன்ட்டரில் கம்பெனி எங்கே உட்கார்ந்திருந்தது? சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்தான் இருந்தார். லேப்டாப்களுக்குள் ஈரம் பட்டால் சிவக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். என்னுடையது சிவந்திருந்தால் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டியவர், எனக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்ட அவர்தான். சிவக்கவில்லையா, திறந்தவர் பார்த்தும் விட்டுவிட்டாரா, எனக்குத் தெரியாது. டீதான் காரணமா என்பதும் தெரியாது. அறிவிப்பைப் படித்த பிறகு, தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு லாபமாக இருந்தது.

“பட்டுச்சு மேடம், ஒன்றரை வருஷம் ஆச்சு, அதனால இல்லைன்னு நினைக்கிறேன்” என்று சொல்லியிருக்கலாம். படிவத்தில் இருந்தது இரண்டே கட்டம்தான், இத்தனையும் அதற்குள் அடங்காது. அந்தப் படிவத்தை எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் படிவத்தைப் பார்ப்பதற்கு முன்பே, பஸ்ஸில் போகும்போதே, பதிலை முடிவு செய்துவிட்டேன்.

போன வாரம் அந்த அண்ணனுக்கு நன்றி சொல்லப் போனேன். சும்மா போகக் கூடாதென்று ஒரு சார்ஜர் வாங்கினேன். ‘க’-வைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா மாத்திருக்கான்” என்றார்.

“அண்ணே, உங்களுக்குத்தான் ஒரு வேலை போச்சு.”

“அது கெடக்கட்டும். தண்ணி பட்டுச்சான்னு கேட்டிருப்பானே?”

“கேட்டாங்கண்ணே.”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு யாரோ நீட்டிய போனை வாங்கி, பின்மூடியைக் கழற்ற ஆரம்பித்தார்.