தங்கவயலை எங்கே சொல்வது?

எங்கள் சொந்தத்தில் யாரும் சும்மா பயணம் போனதில்லை. கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்கு (கே.ஜி.எஃப்) வந்தது பிழைக்க. மாமா குவைத்துக்குப் போனது கடனை அடைக்க. சுரங்கம் மூடிய பிறகு அப்பா விடியும் முன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இருட்டில் வீடு திரும்பியது அடுப்பு எரிய. போகிற இடத்தில் கூலி உண்டா? பயணம் என்றால் இந்த ஒரு கேள்விதான். ஆகவே பிள்ளைகளின் கோடை விடுமுறையைத் துருக்கியின் கடற்கரை ஊர்களில் கழிக்கப்போகிறோம் என்றதும் பெரியம்மா கேட்டதில் தப்பே இல்லை. "அங்க என்னடா வேலை உனக்கு?" வேலை ஒன்றுமில்லை என்றேன். "அந்தக் காசுக்குப் பங்காருபேட்டைல அரை சைட்டாவது வாங்கியிருக்கலாம்" என்றார்.

வெளிநாடு போனால் பிள்ளைகளின் அறிவு விரியும் என்பார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. போன புதிதில் எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் விரிந்தது வயிறுதான். வெண்ணெய் போட்ட பிலாவும் கெட்டித் தயிரும் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு எந்த ஊரும் ஒன்றுதான். ஆனால் பயணம் நீளும்போது ஒன்று நடக்கிறது. பரபரப்பு தீர்ந்து, சலிப்பு வருகிறது. சிற்றுந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கவும் அலுத்தபின், பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பிக்கிறார்கள். நாலு நாள் சுற்றுலாவில் இந்தச் சலிப்புக்கு நேரமே கிடைக்காது.

கேள்வி வந்த இடம் சார்டிஸ். சரியாகச் சொன்னால் அது கடற்கரை இல்லை. இஸ்மிர் துறைமுகத்திலிருந்து கிழக்கே தொண்ணூறு கிலோமீட்டர் போல உள்ளே போகவேண்டும். பழங்கால லிடியா நாட்டின் தலைநகர். பக்கத்தில் ஓடும் பாக்டோலஸ் ஆற்றை இன்று யாராவது காட்டினால்தான் ஆறென்று தெரியும். தொட்டதெல்லாம் பொன்னான மைதாஸ் ராஜா, அந்த வரத்தைக் கழுவித் தொலைத்தது இதில்தான் என்று கிரேக்கர்கள் கதை சொன்னார்கள். கதைக்குக் காரணம் இருந்தது: ஆற்று மணலிலேயே தங்கப்பொடி வந்தது. அதில் வெள்ளியும் கலந்திருக்கும். வெள்ளியைப் பிரிக்க லிடியர்கள் கண்ட வழி எளியது. தங்கத்தை மெல்லிய தகடாகத் தட்டி, உப்போடு அடுக்கி, மண்பானையில் வைத்து மிதமான சூட்டில் நெடுநேரம் எரித்தார்கள். உப்பு வெள்ளியைத் தின்றுவிடும்; தங்கம் நிற்கும். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் குரோசஸ் அரசன் தனித் தங்கத்திலும் தனி வெள்ளியிலும் நாணயம் அடித்தது இந்தக் கைவேலையால்தான். 1960களில் அமெரிக்கத் தொல்லியலாளர்கள் தோண்டியபோது அந்தப் பட்டறையின் அடுப்புகளே கிடைத்தன.

பெரியவன் அந்த அடுப்புக் குழிகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நம்ம ஊர்லயும் உப்புதானாப்பா?"

இல்லை, சயனைடு என்று ஆரம்பித்தேன். அவனுக்கு அதுவரை கே.ஜி.எஃப் என்றால் யாஷ் நடித்த படம். வகுப்பில் ஊர்ப் பெயரைச் சொன்னால் பின்னணி இசையை வாயால் போடுகிறார்களாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது, அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும், அவனுடைய தாத்தா கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் நின்று அங்கே இறங்கியவர் என்பதை முதல்முறையாக அங்கே நின்றுதான் கேட்டான். லண்டனிலிருந்து வந்த ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் தொடங்கியது, கம்பெனிக்காரர்களுக்கு பங்களாவும் கிளப்பும், கூலிக்காரர்களுக்குத் தட்டி வீடும் என்று இருந்தது, 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர் கம்பி இழுத்து, பெங்களூருக்கு முன்பே எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்தது (இதை மட்டும் நான் எங்கே போனாலும் சொல்லிவிடுவேன்) எல்லாம் சொன்னேன். தொடக்கக் காலத்தில் ஒரு டன் கல்லுக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது, கடைசியில் மூன்று கிராம்கூடத் தேறவில்லை என்றதும் சின்னவள் கணக்குப் போட்டாள். "ஒரு டன் கல்ல மேல ஏத்தினா ஒரே ஒரு மோதிரமா?"

இதையெல்லாம் ஊரிலேயே சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேர ரயில்தான். பொங்கலுக்குப் போகிறோம், சாவுக்குப் போகிறோம். ஆனால் அங்கே சுரங்கப் பேச்சை எடுத்தால் அது கதையாக நிற்பதில்லை. ஷாஃப்டைக் கை காட்டினால் போதும், வரவேண்டிய பாக்கி, கைக்கு வராத வீட்டுப் பட்டா, நெஞ்சில் தங்கிய பாறைத்தூசி, பாறை வெடித்துச் சிதறும் எந்த ராக் பர்ஸ்டில் யார் போனார் என்று பேச்சு இறங்கிவிடும். பேசுகிறவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு அது நடந்து முடிந்த விஷயமே இல்லை. கேட்கிற பிள்ளைகள்தான் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போய்விடுகிறார்கள். நானும் அப்படி எழுந்துபோன பிள்ளைதான். சார்டிஸில் பெருமூச்சு விட யாரும் இல்லை. வேறொருவர் ஊரின் தங்கத்தைப் பார்த்துக்கொண்டு எங்கள் ஊரின் தங்கத்தைப் பேசும்போது, அது முதலில் வேலையாக, கருவியாக, ஆழமாக, சூடாகப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. வருத்தம் பின்னால் வந்தது. அந்த வரிசைதான் பிள்ளைகளுக்குத் தோதானது என்று நினைக்கிறேன்.

அப்புறம் எபேசஸ். ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துக் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்ட நகரம். வெயிலில் ஐஸ்கிரீம்தான் வெற்றி பெற்றது, விட்டுவிடுகிறேன்.

ஃபெத்தியே பக்கத்து காயாகோய் அப்படியில்லை. மலைச்சரிவு முழுக்கக் கூரையில்லாத கல்வீடுகள். 1923ல் லோசானில் கிரீஸும் துருக்கியும் ஒப்பந்தம் போட்டு, மதத்தைப் பார்த்து மக்களை மாற்றிக்கொண்டன. இங்கிருந்த கிரேக்கக் கிறிஸ்தவர்கள் தங்கள் பாட்டன் பூட்டன்கூடப் பார்த்திராத நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். "நம்ம சுரங்கத்து லைன் வீடுங்க மாதிரியே இருக்கு" என்றாள் மனைவி. பார்வைக்குச் சரி. ஆனால் எனக்கு அந்த ஒப்பீடு உறுத்தியது. இங்கே ஆட்களைக் கிளப்பிவிட்டார்கள், வீடுகள் நின்றன. தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு வேலைதான் போனது, ஆட்கள் நின்றார்கள். பத்திரிகைகள் எங்கள் ஊரைப் பேய் நகரம் என்று எழுதும்போதெல்லாம் எரிச்சல் வரும். 2011 கணக்கெடுப்பில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நகரம் அது. விடிகாலை ரயிலில் உட்கார இடம் கிடைக்காது. பேய்களா அப்படி நெரிசலில் நிற்கின்றன? இதைக் காயாகோயில் நின்று பிள்ளைகளிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்காகத் துருக்கி வரை போகவேண்டுமா என்றால், வேண்டாம். எல்லோருக்கும் அவ்வளவு பணமும் கிடையாது, விடுப்பும் கிடையாது. அப்பாவின் ரயில் சீசன் டிக்கெட்டில் தொடங்கிய காசு, இரண்டு சம்பளமாகி, இப்போதுதான் இந்தச் செலவைத் தாங்குகிறது. பெரியம்மாவின் அரை சைட்டு கணக்கும் என் காதில் இருந்து போகவில்லை.

திரும்பி வந்து தங்கவயலில் ஆண்டர்சன்பேட்டை போனபோது, அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் பெரியவன் சார்டிஸைச் சொன்னான். "எத்தன அடி ஆழம்?" என்றார் அவர். ஆற்று மணலிலேயே கிடைத்தது என்றான். "கொடுத்து வெச்சவனுங்க" என்று சிரித்தார். பிறகு அவராகவே, எங்களிடம் ஒருநாளும் பேசாத மாதிரி, கேஜ் இறங்கும்போது காது எப்படி அடைக்கும், மரமுட்டு கொடுத்த இடத்தில் பாறை விழப்போவதை எந்தச் சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள் என்றெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு போனார். பாக்கிப் பணம் அன்றைக்குப் பேச்சில் வரவேயில்லை. நடுவில் நிறுத்தி, "அந்தப் பானைல உப்பு வெச்சு எரிச்சானுங்கன்னியே, எத்தன மணி நேரம்?" என்றார். பெரியவனுக்குத் தெரியவில்லை. செல்போனை எடுத்தான். அந்த வீட்டில் சிக்னல் கிடைக்காது. இரண்டு பேரும் தெருவுக்குப் போனார்கள்.