மலையா, கரையா என்று கேட்பதற்கு முன்

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் குடியிருக்கும் பலருக்கும் ஊர் என்பது வேறெங்கோ இருக்கிறது. புறக்கோட்டைக் கடைகளிலும் செட்டியார் தெரு நகைப் பட்டறைகளிலும் துறைமுகத்தை அண்டிய வேலைகளிலும் முப்பது நாற்பது வருடம் உழைத்தவர்கள், 55 வயதில், பெண்களென்றால் 50 வயதில், ஊழியர் சேமலாப நிதி கைக்கு வரும்போது வாடகை அறையை விட்டு எங்கே போவது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். கணவன் பதுளைப் பக்கம், மனைவி முல்லைத்தீவுப் பக்கம் என்று அமைந்த வீடுகளில் இந்தப் பேச்சு நாள்கணக்கில் நீளும். மலையில் குளிர் நல்லது, தண்ணீர் நல்லது, ஆனால் மூட்டுவலிக்கு ஆகாது. கடற்கரையில் மீனுக்குப் பஞ்சமில்லை, ஆனால் வாடைக் காலத்தில் கடல் மூர்க்கமாகிவிடும். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் பேசுவார்கள். எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் அந்தக் காணியின் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி அநேகமாகக் கடைசியில்தான் வருகிறது. அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும் என்பதை நம்முடைய இருநூறு வருடச் சரித்திரம் சொல்கிறது.

1820களில் தொடங்கி தமிழகத்திலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட மலையக மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். கரையில் தங்குவதா மலைக்குப் போவதா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள், கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டார்கள், தோட்டத்துக்குச் சொந்தமான லயம் என்ற வரிசை அறைகளில் படுத்தார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். கடல் கடந்து போயும் மறுபடி மலை, மறுபடி கொழுந்து, மறுபடி அடுத்தவன் நிலம்.

மலையை விட்டு இறங்கிப் பார்த்தவர்களின் கதை இன்னும் கனமானது. 1977 இனக்கலவரத்தில் அடிபட்ட தோட்டக் குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தன. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்த உழைத்தது. 1983இல் இருவரும் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். காட்டோரக் காணிகளை வெட்டித் திருத்திய குடும்பங்கள் அங்கேயே வேர்விட்டன. கிளிநொச்சியில் பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் இன்றும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். யுத்தத்தின் கடைசி மாதங்களில், 2009இல், வன்னி மக்கள் எல்லோரோடும் சேர்த்து அவர்களும் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கிடக்கும் முள்ளிவாய்க்கால் மணலுக்குத் தள்ளப்பட்டார்கள். மலையில் பாதுகாப்பில்லை என்று இறங்கி வந்த ஒரு தலைமுறை கடைசியில் கடல் விளிம்பில் நின்றது. திரும்பி வந்து வீட்டுத்திட்டத்துக்கு மனுப்போட்டபோது பலரிடம் காணி அனுமதிப்பத்திரம் இல்லை. முப்பது வருடம் உழுத நிலம் பத்திரத்தில் அவர்களுடையதாக இருக்கவில்லை.

மலையிலேயே இருந்துவிட்டவர்களுக்கு என்ன நடந்தது? கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்த மலைச்சரிவு இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வர வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. பல உடல்கள் கடைசிவரை எடுக்கப்படவேயில்லை. இது எதிர்பாராத அழிவு என்றால் மனம் ஒருவாறு ஆறும். ஆனால் அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று அப்போது பலர் கேட்டார்கள். எங்கே போவது? லயம் தோட்டத்தினுடையது, லயத்தைச் சுற்றியுள்ள மண்ணும் தோட்டத்தினுடையது. வேறிடத்தில் ஒரு கூரை போடத் தோட்ட நிர்வாகம் இடம் ஒதுக்க வேண்டும், அரசு பணம் ஒதுக்க வேண்டும். எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நிற்க முடியாது. தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு வருடம் அடைந்து கிடந்தபின், 2016இல் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. அந்த வீடுகளை 2005இலேயே கட்டியிருக்கலாம்.

கரையிலும் இதே நீதிதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தத் தீவில் 30,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு அரசு, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குக் கரையில் வீடு கட்டக்கூடாது என்றது. பிறகு அதைத் தளர்த்தவும் செய்தது. மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த நாவலடி மக்கள் பலர் உள்ளே திராய்மடுவுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தோணியும் வலையும் கரையில் இருக்க, படுக்கை மட்டும் தொலைவில் இருந்தால் மீன்பிடிக்கிறவன் எப்படிப் பிழைப்பான்? கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் விடியுமுன் பார்த்து இறங்குகிற தொழில் அது.

கடலைத் தெரிந்தே தேர்ந்தவர்களும் உண்டு. பூநகரிக்கு அப்பால் உள்ள இரணைதீவு மக்கள் 1992இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டு இரணைமாதாநகரில் இருந்தார்கள். தங்கள் தீவைக் கேட்டு ஏறக்குறைய ஓராண்டு போராட்டம் நடத்தினார்கள். 2018 ஏப்ரல் 23 அன்று, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், வெள்ளைக் கொடிகளோடு தங்கள் படகுகளிலேயே போய் இறங்கினார்கள். அங்கே இடிந்த வீடுகளும் பற்றைக்காடும்தான் இருந்தன. வசதியைக் கணக்குப் பார்த்தால் அந்த முடிவு விளங்காது. பாட்டன் பூட்டன் இருந்த மண் என்ற உரிமையைக் கணக்கில் எடுத்தால்தான் விளங்கும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் பிளந்துபோட்டது. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பதுளையும் கண்டியும் நுவரெலியாவும் சரிவுகளில் சிக்கின. மலையக மக்களை வடக்கு, கிழக்கில் குடியேற்றலாம் என்ற பேச்சும் மறுபடி எழுந்தது. நல்ல மனதோடு சொல்கிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 1977இல் வந்தவர்களுக்கு நேர்ந்ததை அறியாமல் அதைச் சொல்லக்கூடாது. வர விரும்புகிறவர் வரட்டும். காணி உறுதி முதலில் அவர் கைக்கு வரட்டும், லொறி பிறகு வரட்டும். இருக்க விரும்புகிறவருக்கு, அவர் முன்னோர் வெட்டித் திருத்திய மலையிலேயே சரிவில்லாத இடத்தில் காணி கொடுக்க வேண்டும். தோட்ட வீடமைப்புக்கு முன்பு பேசப்பட்ட 7 பேர்ச் என்பது ஒரு வீட்டுக்கும் சின்னத் தோட்டத்துக்குமே போதாத அளவு. அதற்கும் உறுதி கிடைக்காமல் காத்திருப்பவர்கள் உண்டு.

சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு ஊர் தேடப் புறப்படும் ஜிந்துப்பிட்டிக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மலைப்பக்கம் காணி பார்த்தால் மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விலை மலிவு என்று ஏமாறாதீர்கள். கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் சரிவு அறிக்கை கேளுங்கள். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் வெளியேறச் சொல்வது அவர்களின் விதி, அந்த இரவில் எங்கே போய்த் தங்குவது என்பதை இப்போதே பேசி வையுங்கள். கரைப்பக்கம் பார்த்தால், உயரமான நிலத்துக்கு ஓட வழி இருக்கிறதா, கடல் உள்வாங்கினால் எதற்கும் காத்திராமல் ஓட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும், பிரதேச செயலகத்திலும் காணிப் பதிவகத்திலும் உறுதியைச் சரிபார்க்கும்வரை ஒரு சதமும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.