படுக்கையும் மூன்று வேளைச் சோறும்

ஹேவ்லாக் தீவில் ஒரு ஹாஸ்டலில் ஐந்து வாரம் வேலை பார்த்தேன். சம்பளம் கிடையாது. தினமும் ஐந்து மணி நேர வேலைக்குக் கூலி, எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு மேல்கட்டில், மூன்று வேளைச் சோறு. மிச்ச நேரத்தில் தீவைச் சுற்றிக்கொள்ளலாம். இதற்கு 'வாலண்டியர்' என்று பெயர். இணையத்தில் இதற்கென்றே தளங்கள் இருக்கின்றன. நம் வயதுக்காரர்கள் நிறையப் பேர் மணாலியிலும் வர்க்கலாவிலும் கோகர்ணாவிலும் இப்படித்தான் மாசக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள்.

கிளம்பும் முன் தம்மம்பட்டியில் அப்பாவிடம் இதை விளக்கிச் சொன்னேன். அவர் உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்: "சோத்துக்கு வேலை செய்யறதுக்குக் கப்பல் ஏறிப் போகணுமாடா? நம்மூருலயே அப்படி ஆளுங்க இருந்தாங்க. அவங்களுக்கு வேற பேரு."

அந்த வேறு பெயரை அவர் சொல்லவில்லை. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பண்ணையாள்.

அப்பாவுக்கு இது புரியாது, தலைமுறை இடைவெளி என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவில், சுவேத நதிக்கரையில் வளர்ந்தவன் நான். வாகை மரத்தூள் வாசத்திலேயே இருபத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது. எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஆனால் சேலம் மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. எனக்குக் கடல் வேண்டும். கையில் காசு இல்லை. காசு இல்லாதவன் உழைப்பைக் கொடுத்து உலகம் பார்க்கிறான், இதில் என்ன தப்பு?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் (2024-லிருந்து அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். பங்க் வகுப்பில் பக்கத்துப் படுக்கைக்காரர் ஒரு பெரியவர். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இலங்கை மலையகத்தில் பிறந்து, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை அரசு நிக்கோபாரின் கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றியது.

"எந்த வேலைக்குப் போற தம்பி?" என்றார்.

"ஒரு ஹாஸ்டல்லங்க. அப்படியே தீவ சுத்திப் பாக்கலாம்னு."

"வேலைக்கா, சுத்திப் பாக்கவா? ரெண்டுல எது?"

"ரெண்டும்தாங்க."

அவர் சிரித்தார். "ரெண்டும் ஒண்ணாப் பாத்தவன் நான் கண்டதில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுமக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. ஹாஸ்டலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இரவு தங்குவார்கள். ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம், ஒரு ஸ்கூபா படம், அடுத்த படகு. நான் அப்படியா? எந்த நேரத்தில் கடல் உள்வாங்கும், கோவிந்த் நகர் சந்தையில் எந்தக் கடையில் மீன் மலிவு, எந்த நாய் கடிக்கும் எல்லாம் எனக்குத் தெரியும். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து காடு திருத்திக் குடியேறிய வங்காளக் குடும்பங்களின் தோப்புகள் வழியாக நடப்பேன். காசு கொடுத்துப் பார்ப்பவன் சுற்றுலாப் பயணி, உழைத்துப் பார்ப்பவனுக்கு இந்த இடத்தின் மேல் ஓர் உரிமை இருக்கிறது என்று டைரியில்கூட எழுதி வைத்தேன்.

ஹாஸ்டலில் ஒரு அக்கா வேலை செய்தார். எல்லோரும் தீதி என்போம். 'ராஞ்சி' என்று அங்கே அழைக்கப்படும் சமூகம். 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்டவும் சாலை போடவும் கொண்டுவரப்பட்ட ஓராவுன், முண்டா, காரியா பழங்குடிகளின் வாரிசுகள் அவர்கள். அந்தமானின் பழங்குடிப் பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. சொந்த மண்ணில் பழங்குடி, வந்த மண்ணில் வெறும் கூலி. தீதியின் தாத்தா படாக் மரம் வெட்டியவர். என் அப்பா மரத்தில் சாமி செதுக்குகிறவர் என்று என் அரைகுறை இந்தியில் சொன்னபோது, "மரத்தை நாங்க சாய்ச்சோம், நீங்க நிக்க வெச்சீங்க" என்றார்.

மூன்றாவது வாரம் மதியம் பன்னிரண்டுக்குத் தீதி கிளம்புவதைப் பார்த்து, வீடு பக்கமா, சீக்கிரம் போகிறீர்களே என்று கேட்டேன். எனக்கு அது ஒரு சாதாரண விசாரிப்பு.

"முன்னாடி சாயங்காலம் வரைக்கும் இருக்கும். இப்போ அரை நாள்தான்" என்றார்.

"ஏன்?"

அவர் என் கையிலிருந்த பக்கெட்டைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மதியத்துக்கு மேல் அறைகளைச் சுத்தம் செய்வதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும் கழிப்பறை கழுவுவதும் என் வேலை. என்னோடு வேலை செய்த பெங்களூர்ப் பெண்ணின் வேலையும் அதுதான்.

என் மேல்கட்டிலும் மூன்று வேளைச் சோறும் எங்கிருந்து வருகின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தீதியின் அரை நாள் கூலியிலிருந்து.

சோற்றுக்கு வேலை வாங்குவது நம் நாட்டில் பழைய கதை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மைதானங்கள் கட்டிய கூலிகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான விளக்கம் கொடுத்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால் அது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது. சாட்டை வேண்டியதில்லை, சங்கிலி வேண்டியதில்லை. பசியும் வறுமையுமே கட்டாயம்தான். வேறு வழி இல்லாததால்தானே ஒருவர் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்கிறார்?

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே, கூலியே இல்லாமல் வேலை செய்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பசியும் இல்லை. ஊரில் வீடு இருக்கிறது, பையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருக்கிறது. அப்படியென்றால் இதில் யாருக்கும் கட்டாயம் இல்லையா? இருந்தது. அது என் மேல் விழாமல் தீதியின் மேல் விழுந்தது. ஒரு வேலையைச் சும்மா செய்ய நான் ஆசைப்பட்டு முன்வந்த நிமிஷத்தில் அந்த வேலையின் விலை பூஜ்யமாகிவிட்டது. அதே வேலையை நம்பிப் பிழைக்கிறவரால் பூஜ்யத்தோடு பேரம் பேச முடியாது.

எல்லா உழைப்புப் பரிமாற்றமும் சுரண்டல் என்று நான் சொல்ல வரவில்லை. 1971-இல் இங்கிலாந்தில் தொடங்கிய 'வூஃப்' அமைப்பில், நகரத்து ஆட்கள் வார இறுதியில் இயற்கை விவசாயப் பண்ணைகளுக்குப் போய் வேலை செய்து, தங்கி, கற்றுக்கொண்டு வந்தார்கள். பண்ணைக்காரரும் கூடவே மண்ணில் நிற்பார். எங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் தொழில் பழக வரும் பையன் முதலில் உப்புத்தாள் போடுவான், பிறகு கொட்டாப்புளி பிடிப்பான், சில வருஷத்தில் உளி அவன் கைக்கு வரும். அவன் வாங்கிக்கொள்வது சோறு மட்டுமில்லை, ஒரு தொழில். ஹாஸ்டலில் கழிப்பறை கழுவ நான் கற்றுக்கொண்டது இரண்டாவது நாளே முடிந்துவிட்டது. மீதி முப்பத்து மூன்று நாளும் நான் ஒரு மலிவான ஆள், அவ்வளவுதான்.

எனக்கும் பண்ணையாளுக்கும் வித்தியாசம் சோற்றில் இல்லை. இரண்டு பேருக்கும் சோறுதான். நான் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம், அவரால் முடியாது. கச்சால் பெரியவரின் குடும்பமும் ஒரு தீவுக்குப் போய்த் தோட்ட வேலை செய்தது. ஆனால் எந்தத் தீவு, எந்தத் தோட்டம் என்பதை இரண்டு நாட்டு அரசுகள் பேசி முடித்திருந்தன. அவர் 'சுத்திப் பார்க்க' வரவில்லை. திரும்பிப் போகும் வழி இருப்பவனுக்கு மட்டும்தான் உழைப்பு ஓர் அனுபவமாகிறது.

இதன் மறுபக்கம் ஒன்றும் அந்தமானிலேயே இருக்கிறது. போர்ட் பிளேருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் வடக்கு சென்டினல் தீவு. 1880-இல் போர்ட்மேன் என்ற ஆங்கிலேய அதிகாரி அங்கே போய் ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துக்கொண்டு வந்தார். போர்ட் பிளேரில் நோய் வந்து பெரியவர்கள் இருவரும் இறந்தார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திருப்பி விட்டார்கள். 1956-ஆம் ஆண்டு பழங்குடிப் பாதுகாப்பு விதி அந்தத் தீவுக்குப் போவதைத் தடுக்கிறது. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர் மீனவர்களுக்குக் காசு கொடுத்து அங்கே போய், மதம் பரப்ப முயன்று கொல்லப்பட்டார். படகு ஓட்டிய மீனவர்கள் கைதானார்கள். 2025 மார்ச்சில் இன்னொரு அமெரிக்கர் கரையில் ஒரு தேங்காயும் ஒரு கோக் கேனும் வைத்துவிட்டு வந்து கைதானார்.

ஹாஸ்டல் பொது அறையில் இந்தக் கதை அடிக்கடி வரும். 'கடைசியாக மிச்சமிருக்கும் தீவு' என்று கண்கள் விரியப் பேசுவோம். அதில் எனக்குப் பிடித்தது வேறு. அவர்கள் 'வராதே' என்கிறார்கள், அந்தச் சொல் செல்லுபடியாகிறது. அம்பும் கடலும் சட்டமும் சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. தீதிக்கு அப்படி ஒரு சொல் இல்லை. என்னைப் பார்த்து 'நீ வராதே' என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் மிச்சமிருக்கும் அரை நாளும் போய்விடும். பக்கெட்டை ஒரு முறை பார்க்கலாம், அவ்வளவுதான்.

இப்போது ஓர் இடத்துக்குப் போகும் முன் எனக்கு ஒரே கேள்விதான். நான் வருவதை மறுக்க இங்கே இருப்பவர்களுக்கு வழி இருக்கிறதா? இருந்து, மறுக்காமல் என்னை ஏற்றால் நான் விருந்தாளி. வழியே இல்லாதபோது, நான் காசு கொடுத்தாலும் சரி, வியர்வை கொடுத்தாலும் சரி, அத்துமீறி நுழைந்தவன்தான். உழைப்பு ஓர் இடத்தைப் பார்க்கும் உரிமையைத் தராது. காசும் தராது. அங்கே இருக்கிறவர்கள்தான் தர முடியும்.

சரி, நான் என்ன செய்தேன்? மேலாளரிடம் போய்ச் சொன்னேன். தீதிக்கு முழு நாள் வேலை கொடுங்கள், நான் வரவேற்பு மேஜை வேலை மட்டும் பார்க்கிறேன் என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. சீசன் முடிந்தால் அவருக்கே சம்பளம் நிச்சயமில்லை. "உனக்கு வேண்டாம்னா பரவாயில்ல ப்ரோ. இன்பாக்ஸ்ல இன்னும் நாற்பது பேர் இருக்காங்க" என்றார்.

தீதியிடம், நான் கிளம்பிவிடட்டுமா என்று கேட்டேன். "நீ போனா இன்னொருத்தன் வருவான். நீயாவது கழிப்பறையை ஒழுங்காக் கழுவுற" என்றார்.

நான் கிளம்பவில்லை. ஐந்து வாரத்தையும் முடித்தேன். இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதியிருக்கலாம். கடைசி நாள் கையில் இருந்த பணத்தில் கொஞ்சம் தீதியிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். என் மனம் லேசானது. மனம் லேசானதைக் கவனித்ததும் வெட்கமாக இருந்தது.

ஊர் திரும்பியதும் பட்டறையில் உப்புத்தாள் போடும் பையனைக் காணோம். இரண்டு வருஷமாகச் சோறும், தீபாவளிக்குத் துணியும், எப்போதாவது கைச்செலவுக்குக் காசுமாக எங்களிடம் இருந்தவன். அவனுக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள் என்று அப்பாவைக் கேட்க வேண்டும் என்று கப்பலிலேயே தீர்மானித்திருந்தேன். அதற்குள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டானாம்.

"சொல்லிட்டுத்தான் போனானா?"

"சொல்லிட்டுத்தான் போனான். வாரச் சம்பளமாம். போக முடிஞ்சுது, போயிட்டான்" என்றார் அப்பா. குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் முன்னாடியே குடுத்திருக்கோணும்" என்றார்.

அரைகுறையாக நின்ற குதிரை வாகனம் ஒன்று மூலையில் இருந்தது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு அதன் கழுத்தருகே உட்கார்ந்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"வேலைக்கா, சும்மாவா?"

"வேலைக்குத்தான்" என்றேன்.