கேட்க வைத்தபின்

கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். பிறவியிலேயே செவிப்புலன் இல்லை. இரண்டு காதுகளிலும் கொக்ளியர் கருவி. காலையில் தாய் அவளுக்குப் பின்னால் நின்று, உதட்டசைவு தெரியாதபடி, "ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். கேட்ட ஒலிக்கெல்லாம் பிள்ளை ஒரு கட்டையைப் பெட்டிக்குள் போடவேண்டும். பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை இந்த ஆறும் தொட்டுவிடும். எது கேட்கவில்லையோ, அங்கே கோளாறு. இந்தச் சோதனையைத் தந்த டானியல் லிங், இதே மொன்றியாலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்.

இந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். மூளை சிறுவயதில் ஒலிக்குப் பழகாவிட்டால் பிறகு பழகுவது கடினம். சென்னையில் பால வித்யாலயா 1969 முதல் தாய்மாரையும் அருகில் இருத்தியே பிள்ளைகளைப் பேசப் பழக்கிவருகிறது.

ஆனால் இந்த வீட்டில், தொடக்கத்தில் யாரோ ஒரு நிபுணர், "ஒரு மொழி போதும், தமிழை விடுங்கள்" என்று சொல்லிவிட்டார். தாயின் பிரெஞ்சு வேலைத்தலத்துப் பிரெஞ்சு. அதில் பிள்ளையைக் கொஞ்ச வராது, கதை சொல்ல வராது. அம்மம்மாவுக்கு அதுவும் இல்லை. காது கேளாதவள் பேத்தி. வாய் மூடியிருந்தவர் அம்மம்மா. பெற்றோர் தமக்கு நன்றாக வரும் மொழியிலேயே பேசட்டும் என்று இன்னொருவர் சொல்லி, தமிழ் திரும்பிவர இரண்டு வருடம் ஆனது.

அப்போதுதான் எனக்குள் கேள்வி எழுந்தது. பிள்ளையைப் பேச வைப்பது அவளுக்காகவா, எங்கள் ஆறுதலுக்காகவா?

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள், பேச்சே உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அதன்பின் எத்தனையோ பாடசாலைகளில் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன. அதே மாநாடு 2010இல் வன்கூவரில் கூடியபோது அதற்கு வருத்தம் தெரிவித்தது. 130 வருடங்கள். அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்றே நம்பியிருப்பார்கள். பிள்ளைகளிடம் மட்டும் கேட்கவில்லை.

தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல் செவிமடுப்பதற்கும் வினாவுவதற்கும் உதவுகிறது. நாங்கள் முதலாவதை மட்டும் அவளிடம் எதிர்பார்த்தோம்.

போன மாதம் ஓர் இரவு, தாய்க்கு இரவு வேலை. குளித்து முடிந்ததும் கருவிகளைக் கழற்றிவைத்தவள், என் நாடியைப் பிடித்துத் திருப்பி, கைகளால் ஏதோ சொன்னாள். விளங்கவில்லை. திரும்பவும் சொன்னாள். தலையாட்டிச் சமாளித்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்துபோய்க் கருவிகளை மாட்டிக்கொண்டு வந்து கேட்டாள்:

"மாமி, நீங்கள் ஏன் கையால கதைக்கப் பழகேல்லை?"

ஐந்து வருடமாக அவள் எங்கள் பக்கம் நடந்து வந்திருக்கிறாள். நான் அவள் பக்கம் ஒரு அடியும் வைக்கவில்லை. அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கியூபெக் சைகை மொழி வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.