இரண்டு கழிகள்

அயர்லாந்தின் கில்கென்னி நகரை ஒரு பகலில் நடந்தே சுற்றிவிடலாம். நோர் ஆற்றங்கரையில் கோட்டை, ஊரின் மறுமுனையில் புனித கனிஸ் பேராலயம், அதை ஒட்டி ஒல்லியான வட்டக் கோபுரம். மக்கள்தொகை சுமார் 27,000. ஆனாலும் 1609-இல் கிடைத்த பட்டயத்தை வைத்து அது இன்றும் நகரம்தான்.

அந்தத் தெருக்களில் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது ஒரு மரக்கழி. ஹர்லிங் என்ற ஐரிஷ் பந்தாட்டத்துக்கான, நுனி அகன்று வளைந்த மட்டை. பள்ளிப் பிள்ளைகள் அதைக் குடையைப் போலக் கையோடு கொண்டுபோகிறார்கள். அயர்லாந்தின் ஹர்லிங் கோப்பையைக் கில்கென்னி மாவட்டம் 36 முறை வென்றிருக்கிறது. வேறெந்த மாவட்டமும் அதை எட்டவில்லை.

இதே ஊரில்தான் அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டார்கள். 1366-இல் இங்கே கூடிய பாராளுமன்றம், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஊரோடு கலந்துபோகிறார்களே என்று பயந்து ஒரு சட்டம் செய்தது. ஐரிஷ் மொழி பேசாதே, ஐரிஷ்காரரோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்காதே, பிள்ளையை அவர்களிடம் வளர்க்கக் கொடுக்காதே, ஹர்லிங் ஆடாதே. சட்டத்தை எழுதிய மொழியோ நார்மன் பிரெஞ்சு.

ஆற்றோடு தெற்கே போனால் தாமஸ்டவுன். அதன் அருகே வயல்வெளி நடுவில், கூரை இழந்து நிற்கிறது ஜெர்பாயிண்ட் மடம். முற்றத்துத் தூண்களில் வீரர்களும் புனிதர்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். விரல் மடிப்பும் உடைச் சுருக்கமும் இன்னும் தெரிகின்றன. நான் அங்கே நெடுநேரம் நின்றேன். 1387-இல் இந்த மடத்துத் தலைவருக்கு அபராதம் விதித்தார்கள். ஐரிஷ்காரர்களைத் துறவிகளாகச் சேர்த்துக்கொண்டது குற்றம். சட்டம் வந்து 21 ஆண்டு ஆகியும் மடத்துக் கதவு மூடவில்லை. அடுத்தடுத்து வாழும் மனிதர்களைத் தாள் பிரித்துவிடாது என்று அந்தத் தூண்களுக்கிடையே எனக்கு உறுதியாகத் தோன்றியது.

ஆனால் மொழி போய்விட்டது. வழிகாட்டிப் பலகைகளில் ஐரிஷ் பெயர்தான் மேலே இருக்கிறது. கடையிலும் பேருந்திலும் என் காதில் விழுந்தது ஆங்கிலம். பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசுகிறவர்கள் அந்த நாட்டில் சுமார் 72,000 பேர்தான் என்கிறது 2022 கணக்கெடுப்பு. அந்தப் பழைய சட்டத்தால் முடியாததைச் செய்தது எது?

19-ஆம் நூற்றாண்டில் வேறொரு கழி இருந்தது. அதைப் பிள்ளையின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். வீட்டில் ஒரு ஐரிஷ் சொல் வாயில் வந்தால் கழியில் ஒரு வெட்டு. மறுநாள் பள்ளியில் வெட்டுகளை எண்ணி அடி. வெட்டியது பெற்றோர், அதுவும் பல நேரம் ஆங்கிலம் தெரியாத பெற்றோர். 1845-இல் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. கப்பலேறிப் பிழைக்க ஆங்கிலம் வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த உண்மையானது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. பசித்த பிள்ளையை வைத்துக்கொண்டு நானும் வெட்டியிருப்பேன்.

பஞ்சத்தில் ஹர்லிங்கும்தான் நலிந்தது. 1884-இல் சிலர் கூடிச் சங்கம் அமைத்து ஊர் ஊராக அதை மீட்டார்கள். ஆட்டம் தெருவுக்குத் திரும்பிவிட்டது. மொழியைப் பள்ளிக்கூடம் வரைதான் கொண்டுவர முடிந்திருக்கிறது.

உங்கள் வீட்டில் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று இன்றிரவு ஒரு முறை கவனியுங்கள்.