மயிலும் மூஞ்சூறும் ஒரே வாசலில்

ஓடித் தேய்ந்த கார்களை மாற்றிப் புதியவை வாங்குவது விலை, மைலேஜ், மாதத் தவணை பற்றிய கணக்காகத்தான் பெரும்பாலும் பேசப்படுகிறது. அந்தக் கணக்குக்கு அடியில் பழைய நீதிக் கேள்வி ஒன்று கிடக்கிறது. குடும்பத்தின் பொதுப் பணத்தில் வாங்கும் பொருள் இது. பயன்படுத்துகிறவர்களின் உடலும் வயதும் போகும் இடமும் ஒன்றுபோல் இல்லை. பொருளையோ வெட்டிப் பங்கிட முடியாது. அப்படியானால் யாருடைய தேவை முதலில் வரும், எந்த நியாயத்தில் வரும்?

சைவ மரபில் இதற்கு ஒரு குடும்பமே எடுத்துக்காட்டாக இருக்கிறது. கயிலையில் அப்பனுக்குக் காளை, அம்மைக்குச் சிங்கம், மூத்தவனுக்கு மூஞ்சூறு, இளையவனுக்கு மயில். காளை சிங்கத்துக்கு இரை. மூஞ்சூறு சிவன் கழுத்துப் பாம்புக்கு இரை. அந்தப் பாம்புக்கு மயில் பகை. ஒன்றையொன்று தின்னக்கூடியவை ஒரே வாசலில் நிற்கின்றன. வீடு என்பதற்கு இதைவிடச் சரியான படம் கிடைப்பது அரிது.

வாகனம் ஆளோடு ஒட்டிப் பிறந்ததும் அல்ல. சுவாமிமலையில் முருகன் சன்னதிக்கு எதிரே நிற்பது மயில் இல்லை, யானை. பெருமாள் கோயில் பிரம்மோற்சவத்தில் அதே உற்சவர் ஒரு நாள் சேஷ வாகனத்திலும் ஒரு நாள் கருட வாகனத்திலும் ஒரு நாள் தேரிலும் வீதி வருகிறார். தென்சென்னைப் புறநகரான குரோம்பேட்டைக்குப் பக்கத்திலேயே உள்ள திருநீர்மலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு நிலைகளில் சேவை சாதிக்கிறார். தெய்வத்துக்கே ஒரு நிலை, ஒரு வாகனம் என்று மரபு முடித்துவிடவில்லை. மனிதருக்கு மட்டும் எல்லார்க்கும் பொருந்தும் ஒரே வண்டி என்று ஒன்றைத் தேடுவது அந்த மரபுக்கு வெளியே நின்று தேடுவதாகும்.

நீதிக் கேள்வி கூர்மையாவது ஞானப்பழக் கதையில். பழம் ஒன்று, பிள்ளைகள் இருவர், பழத்தை வெட்டக் கூடாது. உலகை முதலில் சுற்றி வருபவருக்குப் பழம் என்று போட்டி வைக்கப்படுகிறது. மயிலில் ஏறி முருகன் பறக்கிறான். பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொள்கிறார். வழக்கமாக இது மூத்தவரின் சமயோசிதத்தைப் புகழ்வதற்காகச் சொல்லப்படுகிறது. அந்தப் புகழ்ச்சியில் இரண்டு விஷயங்கள் மறைந்துபோகின்றன. முதலாவது, விதி இருவருக்கும் ஒன்றுதான், வாகனம் ஒன்றில்லை. மூஞ்சூறில் உலகைச் சுற்று என்று சொல்வது சமமான விதியின் வழியாக வரும் அநீதி. பிள்ளையார் செய்தது, தன் வாகனத்தால் ஓட முடிந்த பாதையைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, தோற்றவனின் மனம். முருகன் கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய் ஆண்டியாக நின்றான். தீர்ப்பு சரியாகவே இருந்திருக்கலாம். கிடைக்காதவனிடம் காரணம் சொல்லி அவனையும் சேர்த்துக்கொள்ளாத தீர்ப்பு ஒரு வீட்டை இரண்டாக்கும் என்பதைக் கதை மறைக்கவில்லை.

சமம் என்பது ஒரே அளவா என்பதை மேற்குலகத் தத்துவமும் நெடுநாள் விவாதித்திருக்கிறது. சமமானவர்க்குச் சமமும் சமமல்லாதவர்க்கு விகிதப்படியும் என்றார் அரிஸ்டாட்டில். அமர்த்தியா சென் 1979இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரையில், எதில் சமத்துவம் வேண்டும் என்று கேட்டார். பின்னர் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் சைக்கிள். கால் நன்றாக உள்ளவருக்கு அது போக்குவரத்து; காலை அசைக்க முடியாதவருக்கு அதே சைக்கிள் வெறும் இரும்பு. ஆகவே பார்க்க வேண்டியது கையில் என்ன இருக்கிறது என்பதை அல்ல, அதைக் கொண்டு அவரால் என்ன செய்ய முடிகிறது என்பதை. குறளின் நடுவு நிலைமை அதிகாரம் சான்றோருக்கு உவமையாக எடுப்பது துலாக்கோலை. தராசு எல்லாருக்கும் ஒரே அளவு பொருளைக் கொடுப்பதில்லை, எடையைக் கோணாமல் காட்டுகிறது. இரண்டு சிந்தனைகளும் இங்கே பக்கத்தில் வந்து நிற்கின்றன.

குரோம்பேட்டை ராதா நகரிலோ நியூ காலனியிலோ மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் ஒரு வீட்டை உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிய நிலையில் ஒரு பழைய செடான், கிளட்ச் தேய்ந்த ஒரு சின்ன கார். இரண்டையும் மாற்றும் காலம் வந்துவிட்டது. பாட்டிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மகனுக்கு ரேடியல் ரோடு வழியே துரைப்பாக்கத்தில் அலுவலகம். மருமகளுக்கு சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை, ஷிப்டு முடிய இரவாகும். பேரன் மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போகிறான். தாத்தாவுக்கு ஓர் ஆசை: பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்கு உறவுகளோடு எல்லாரும் ஒரே வண்டியில் போக வேண்டும். அதற்கு ஏழு பேர் உட்காரும் பெரிய கார் தேவை.

எண்ணிப் பார்த்தால் விடை எளிது போலத் தெரியும். டயாலிசிஸ் ஆண்டுக்கு 156 நாள், குலதெய்வம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை. ஆனால் எண்ணிக்கை மட்டும் நீதியாகாது. அப்படி எண்ணினால் வாரம் ஐந்து நாள் அலுவலகம் போகும் மகன் பாட்டியையும் தோற்கடித்துவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்பதால் குலதெய்வ வழிபாடு அற்பம் என்று சொல்லவும் முடியாது. ஒரு குடும்பம் தன்னைக் குடும்பமாக உணர்வதே அந்த ஒரு நாளில்தான் என்று தாத்தா சொன்னால் அது மறுக்கக் கூடியதில்லை. சரியான கேள்வி வேறு: இந்த வண்டி இல்லாவிட்டால் இவருக்கு மாற்று வழி உண்டா? கோயில் பயணத்துக்கு வாடகை வேன் உண்டு, நெல்லை போகும் ரயில் உண்டு. துரைப்பாக்கத்துக்குப் பேருந்து உண்டு, அலைச்சல் என்றாலும். பேரனுக்குக் குரோம்பேட்டை ஸ்டேஷன் இருக்கிறது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. இரவில் தனியாகத் திரும்பும் மருமகளுக்கு மாற்று குறைவு. நான்கு மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்கப்பட்டு, தலைசுற்றலோடு வெளியே வரும் பாட்டிக்கு இன்னும் குறைவு. மாற்று வழி எவருக்குக் குறைவோ அவருடைய கோரிக்கைக்கே எடை அதிகம். இந்த ஓர் அளவுகோல் எண்ணிக்கையைவிட நேர்மையானது.

தேவை என்ன என்பதை உடலிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும். மூட்டு தேய்ந்த ஒருவர் காரில் ஏறும் விதத்தைக் கவனித்தால் இது விளங்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதுகை இருக்கைக்குக் காட்டி நிற்கிறார். ஒரு கை கதவின் மேல், மற்றொரு கை இருக்கையைத் தேடுகிறது. உட்கார்ந்த பிறகுதான் கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கையால் தூக்கி உள்ளே வைக்கப்படுகின்றன. தாழ்ந்த செடானில் அவர் உட்காருவதில்லை, விழுகிறார்; எழும்போது இருவர் தூக்க வேண்டும். உயரமான எஸ்.யூ.வி.யில் காலைத் தூக்கி ஏறவே முடியாது. இடுப்பு உயரத்துக்கு இருக்கை உள்ள, கூரை உயர்ந்த சின்ன கார் அவருக்குப் பொருந்துகிறது. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கும், குறுகிய தெருவில் சுவரோரம் நிறுத்தினால் திறக்குமா, சி.என்.ஜி. கார் என்றால் சிலிண்டர் போக டிக்கியில் மடக்கிய சக்கர நாற்காலிக்கு இடம் இருக்குமா என்பவையும் அவருடைய தேவைதான். 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி குரோம்பேட்டையின் பெருமை, தொடக்கத்திலிருந்தே வாகனப் பொறியியல் கற்பிக்கும் இடம். வண்டியை எப்படிச் செய்வது என்று அங்கே படிக்கலாம். யாருக்காக வாங்குவது என்பதை வீடுதான் படிக்க வேண்டும்.

இதில் ஒரு பெரிய தடை உண்டு. தமிழ் வீடுகளில் மிகுந்த தேவை உள்ளவர் வாய்விட்டுக் கேட்பதில்லை. "எனக்கெதுக்குப்பா கார், ஆட்டோ போதும்" என்பார் பாட்டி. அதை விருப்பமாக எடுத்துக்கொள்வது தவறு. நெடுங்காலம் கிடைக்காமலே பழகிய மனம் ஆசையைத் தானே சுருக்கிக்கொள்கிறது என்று சென் எழுதியிருக்கிறார். சங்க காலப் பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததைக் கொடை மடம் என்று மரபு சொல்லும். ஆனால் அந்தச் செயலின் நுட்பம் வேறு இடத்தில் இருக்கிறது. முல்லை கேட்கவில்லை, அதற்குக் கேட்கத் தெரியாது. கொழுகொம்பில்லாமல் அது துவள்வதைப் பார்த்தே அவன் அறிந்துகொண்டான். கேளாதவரின் தேவையைப் பார்த்து அறிவது கொடைக்கு முந்திய படி.

வீட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் இந்தத் தேர்வில் பங்கு உண்டு. மனுநீதிச் சோழன் கதையில் தேர் அரச குடும்பத்துடையது, அடிபட்டது தெருவில் போன கன்று. திருவாரூர்ப் பசு மணி அடித்தபோது, வாகனத்தில் இல்லாதவரின் வழக்கும் அரண்மனைக்குள் வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அந்தச் சோழனுக்குச் சிலை இருப்பது பொருத்தமானது. ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கக் காத்திருக்கும் மாணவிக்கும், ஒற்றைக் கார் அடைத்துக்கொண்டு நிற்கும் தெருவில் தள்ளுவண்டியை நகர்த்த முடியாத காய்கறிக்காரருக்கும், வண்டி எவ்வளவு பெரிது என்பதில் அக்கறை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் கொண்ட கார்களுக்குச் சரக்கு சேவை வரி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம் என்று அரசு பிரித்திருப்பதும் சிறிய வண்டியின் பக்கமே தராசைச் சாய்க்கிறது.

ஊரின் குணமும் கணக்கில் வர வேண்டும். 2015 டிசம்பர் முதல் நாள் பெருமழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது, முடிச்சூரில் படகு ஓடியது. 2024 அக்டோபரில் மழை வரும் முன்பே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். தென்சென்னைப் புறநகரில் தரையிலிருந்து வண்டியின் உயரம் ஆடம்பரமில்லை.

ஆக, அந்த வீட்டுக்குச் சரியான முடிவு பெரிய கார் ஒன்றல்ல. இருக்கை உயர்ந்த, கியர் மாற்றும் சிரமம் இல்லாத சின்ன கார் ஒன்று, பாட்டிக்கும் மருமகளுக்கும் முதல் உரிமையோடு. இரண்டாவது வண்டிக்கு அவசரமில்லை, அந்தப் பணத்தில் ஒரு பகுதி பங்குனி உத்திர வேனுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்த வேனைப் பதிவு செய்யும் பொறுப்பைத் தாத்தாவிடமே கொடுத்து, ஏன் இப்படி முடிவானது என்பதை அவரிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். பழனிக்குப் போனவனிடம் யாரும் சொல்லாதது அது. ஷோரூமுக்குப் போகும் நாளில் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். டெஸ்ட் டிரைவுக்கு முன்னால், அவர் ஒருமுறை உட்கார்ந்து எழட்டும்.